செவிலியர் ஏன் மூச்சை எண்ணுகிறார்?

இரவு இரண்டு மணிக்குச் செவிலியர் வந்து, உறங்கும் நோயாளியை எழுப்புவது உடனிருப்போருக்கு எரிச்சலூட்டும். "இப்போதுதானே கண்ணயர்ந்தார், சிஸ்டர்" என்று கேட்காதவர் குறைவு. எழுப்பினால் எழுகிறாரா, பேச்சு தெளிவாக உள்ளதா என்பதை அறியவே எழுப்புகிறார். பின்னர் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். எண்ணப்போவதாக முன்னரே சொன்னால் மூச்சு தானாகவே மாறிவிடும், அதனால் சொல்வதில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறந்திராது. அதில் கலந்திருந்த மெத்தனாலின் கொடுமை, குடித்த உடனே வெளிப்படுவதில்லை. உடல் அதைச் சிறிது சிறிதாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கடுமையான அறிகுறிகள் தோன்றப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை வெறும் போதை என்றே எண்ணத் தோன்றும். இரத்தத்தில் அமிலம் கூடும்போது, அதை ஈடுகட்ட உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிடுகிறது. அந்நேரத்தில் இரத்த அழுத்தம் இயல்பாக இருக்கலாம். ஆக்சிஜன் அளவு 98 என்றுகூடக் காட்டலாம். மூச்சின் எண்ணிக்கை ஆபத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தகைய மாற்றங்களை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறைகளுள் ஒன்று, இங்கிலாந்தின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வகுத்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' அட்டவணை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் செலுத்தப்படுகிறதா என்பது, நாடி, இரத்த அழுத்தம், உணர்வுநிலை, வெப்பநிலை ஆகிய ஏழும் அதில் இடம்பெறும். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 மூச்சு என்றால் மதிப்பெண் 0. 25 அல்லது அதற்கு மேல் என்றால் 3. புதிதாகத் தோன்றிய மனக்குழப்பத்திற்கும் 3. கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும்; 7 ஆனால் அது அவசரநிலை. தேர்வு மதிப்பெண்ணுக்கு நேர்மாறாக, இங்கே குறைவாக எடுப்பவரே நலமானவர்.

படுக்கைப்புண், கீழே விழும் ஆபத்து ஆகியவற்றைக் கணிக்கத் தனி அட்டவணைகள் உண்டு.

எனினும் எல்லாம் அட்டவணைக்குள் அடங்கிவிடுவதில்லை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வயிற்றுவலி என்று விடியற்காலையில் வருபவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். தரையில் உறங்குவோரை இரவில் கடிக்கும் அப்பாம்பின் பல் தடம் பல நேரங்களில் கண்ணுக்கே புலப்படாது. வீக்கமும் பெரும்பாலும் இராது. இமைகள் தாழ்வது, குரல் மாறுவது, எச்சிலை விழுங்க இயலாதது ஆகியவற்றிற்கு 'நியூஸ்' அட்டவணையில் இடமில்லை. மூச்சுத்தசைகள் செயலிழக்கும் முன்னர் அவற்றைக் காணக்கூடியவர், அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோதான். அவருடைய இயல்பான முகத்தையும் குரலையும் நாங்கள் முன்பு அறிந்ததில்லை, நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, பார்வை மங்குகிறது என்று அவர் சொன்னாலோ, பேச்சு குழறினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் செவிலியரை அழையுங்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டால், "எப்போதும்போல் இல்லை" என்று சொன்னாலே போதும். செவிலியர் கையைப் பிடித்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் நோயாளியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பேசினால் எண்ணிக்கை தவறிவிடும்.