வீடு விற்றால் கைக்கு எவ்வளவு வரும்? அக்காவின் கணக்கு

ரொறன்ரோவில் யாராவது வீடு விற்கப் போகிறோம் என்றால், "என்ன விலைக்குப் போகும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பக்கத்துத் தெருவில் அதே மாதிரி வீடு 9 இலட்சம் டொலருக்குப் போயிருக்கும். அதிலிருந்து மோட்கேஜ் பாக்கியைக் கழித்துவிட்டு, மிச்சக் காசில் அடுத்த வீட்டுக்கு எவ்வளவு டவுன் பேமென்ட் போடலாம் என்று மனதுக்குள்ளேயே முடிவுகட்டிவிடுவோம். தங்கச்சிமாரே, தம்பிமாரே, அந்தக் கணக்கில் பல பத்தாயிரம் டொலர் விடுபட்டுப் போகிறது.

விற்பவர் கட்ட வேண்டிய செலவுகள் எவை, ஒவ்வொன்றையும் எந்தக் கட்டத்தில் குறைக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். க்ளோசிங் நாளில் லோயரின் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு பேரம் பேச முடியாது. குறைக்கக்கூடியது எல்லாம் அதற்கு முன்பு நீங்கள் கையெழுத்து வைக்கும் தாள்களில்தான் இருக்கிறது.

1. ஏஜென்டுக்கு முதல் வங்கியைக் கூப்பிடுங்கள்

தவணைக்காலம் முடிய முன்னர் மோட்கேஜை உடைத்தால் வங்கி அபராதம் கேட்கும். மாறும் வட்டி என்றால் பொதுவாக மூன்று மாத வட்டி. 4 இலட்சம் பாக்கி, 5 சதவீத வட்டி என்றால் 5,000 டொலர்.

நிலையான வட்டிதான் ஆட்களை விழுத்துவது. மூன்று மாத வட்டி, வட்டி வித்தியாசம் என்ற இரண்டில் எது கூடவோ அதைத்தான் வங்கி எடுக்கும். உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் 2 சதவீதம் வித்தியாசம், தவணை முடிய இன்னும் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 4 இலட்சத்துக்கு அபராதம் ஏறத்தாழ 16,000 டொலர். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடும். அதனால் வாய்ப்பேச்சாகக் கேட்காமல், தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

கேட்கும்போது இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்:

- தவணை எப்போது முடிகிறது? அந்தத் திகதியை ஒட்டி க்ளோசிங் வைத்தால் அபராதமே இல்லாமல் போகலாம்.
- இதே மோட்கேஜை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? எத்தனை நாளுக்குள்?
- வருடத்துக்கு இவ்வளவு முற்பணமாகக் கட்டலாம் என்ற சலுகை இருக்கிறதா? அபராதத்தைக் கணக்கிடும்போது அதைக் கழிப்பார்களா?
- வீட்டின் மேல் எடுத்த லைன் ஒஃப் கிரெடிட் இன்னும் பதிவில் இருக்கிறதா? பாக்கி பூச்சியமாக இருந்தாலும் அதை மூடிப் பதிவை நீக்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கும் கூடிய தவணையில் கையெழுத்து வைத்தவர்களுக்கு ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. ஐந்து வருடம் கடந்துவிட்டால், மூன்று மாத வட்டிக்கு மேல் கேட்க மத்திய அரசின் வட்டிச் சட்டம் விடாது.

2. கமிஷன்: கையெழுத்துக்கு முதல் கதையுங்கள்

மிகப் பெரிய செலவு இதுதான். இங்கே பழக்கத்தில் 5 சதவீதம் என்பார்கள். இரு பக்க ஏஜென்டுகளுக்கும் பாதி பாதி. அது வழக்கம் மட்டும்தான், எந்தச் சட்டமும் இவ்வளவு கொடு என்று சொல்லவில்லை. கமிஷனுக்கு மேல் 13 சதவீத எச்.எஸ்.ரி. வரும். 9 இலட்சம் வீட்டுக்கு 5 சதவீதம் 45,000, வரி 5,850, மொத்தம் 50,850 டொலர். 4 சதவீதம் என்றால் மொத்தம் 40,680. வித்தியாசம் 10,170 டொலர்.

ஏஜென்ட் மாமாவின் மகனாக இருக்கலாம், கோயிலில் காணும் அண்ணையாக இருக்கலாம். அந்த முகத்துக்காகக் கேட்காமல் விடாதீர்கள். அந்தக் காசுக்குள் என்னென்ன அடங்கும் என்றும் கேளுங்கள். படம் எடுப்பது, வீட்டை அலங்கரிப்பது, துப்புரவாக்குவது எல்லாம் யார் செலவு? 2023 டிசம்பர் 1 முதல் ஒன்ராறியோவில் புதிய ரியல் எஸ்டேட் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சேவை தொடங்க முன்னர் ஏஜென்ட், ஏஜென்டுகளைக் கண்காணிக்கும் 'ரீக்கோ' அமைப்பின் தகவல் வழிகாட்டியைத் தந்து விளக்க வேண்டும். தந்தால் வாங்கி வையுங்கள், தராவிட்டால் கேளுங்கள்.

லிஸ்டிங் ஒப்பந்தத்தில் 'ஹோல்ட்ஓவர்' என்று ஒரு பந்தி இருக்கும். ஒப்பந்தக் காலத்தில் வீட்டைப் பார்த்த ஒருவர், காலம் முடிந்து இத்தனை நாளுக்குள் வாங்கினாலும் பழைய நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு என்பது அதன் பொருள். நாட்களின் எண்ணிக்கையைக் கையால் நிரப்புவார்கள். நிரப்பும்போதே குறைத்துக் கேளுங்கள்.

3. ஒஃபரில் கையெழுத்து வைக்க முதல் பேஸ்மென்டுக்கு இறங்குங்கள்

சுடுதண்ணீர்த் தாங்கியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தால், அது பெரும்பாலும் வாடகைத் தாங்கி. ஃபேர்னஸ், ஏசி, தண்ணீர் வடிகட்டி எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். வீட்டில் தனியே இருந்த அம்மா அப்பாவிடம் கதவைத் தட்டி வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தங்கள் எங்கள் ஆட்களின் வீடுகளில் நிறைய உண்டு. இப்படிப்பட்ட வாசல் வியாபாரத்தை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடை செய்தது. அந்தப் பொருட்களுக்காக வீட்டு உறுதியின் மேல் 'நோசி' என்ற பதிவைப் போட்டு, விற்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் பறிக்கும் வழக்கமும் இருந்தது. 2024 ஜூனில் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தார்கள். பதிவு செல்லாது, ஆனால் ஒப்பந்தம் செல்லாது என்று அர்த்தமில்லை. வாங்குபவர் வாடகையைத் தொடர்வாரா, நீங்கள் காசு கட்டி முடிக்க வேண்டுமா என்பதை ஒஃபரிலேயே எழுதுங்கள்.

பேஸ்மென்டில் ஆட்கள் வாடகைக்கு இருந்தால் இன்னும் கவனம். வீட்டைக் காலியாகத் தருவேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, அவர்கள் எழும்பாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். வாங்குபவர் தானே குடிவரப்போகிறார் என்றால், N12 படிவத்தில் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, ஒரு மாத வாடகையை நட்டஈடாகவும் தர வேண்டும். லீஸ் காலம் முடிய முன்னர் எழுப்ப முடியாது. அவர்கள் தொடர்ந்து இருப்பார்கள் என்றால், நீங்கள் வாங்கி வைத்த கடைசி மாத வாடகை புதிய சொந்தக்காரரின் கணக்குக்குப் போகும்.

சுவரோடு பொருத்தியது எல்லாம் வீட்டோடு சேர்ந்தது. சாமி அறையில் ஆணியடித்து இறுக்கிய மண்டபத்தையோ, சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கையோ கொண்டுபோக நினைத்தால், அது வீட்டோடு போகாது என்று ஒஃபரில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

4. நகரசபைக்கு ஒன்றும் பாக்கி இருக்கக்கூடாது

சொத்துவரி க்ளோசிங் நாளுக்கு முதல் நாள் வரை உங்களுடையது. வருட வரி 6,000 டொலர், செப்டெம்பருக்குள் முழுவதும் கட்டிவிட்டீர்கள், ஒக்டோபர் 1 க்ளோசிங் என்றால், மிச்ச 92 நாளுக்கான 1,512 டொலர் உங்களுக்குத் திரும்பி வரும். கட்டாமல் விட்டிருந்தால் அந்தக் காசு உங்கள் பக்கத்தில் கழியும். தண்ணீர்க் கட்டணப் பாக்கியும் சொத்துவரியோடு சேர்ந்துகொள்ளும்.

ரொறன்ரோவில் வெற்று வீட்டு வரிப் பிரகடனம் ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும், நீங்களே குடியிருந்தாலும். கொடுக்காவிட்டால் வீடு காலியாக இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 2024ஆம் வரி ஆண்டிலிருந்து அந்த வரி, சொத்துவரிக்காக வீட்டுக்குக் கணிக்கப்பட்ட மதிப்பில் 3 சதவீதம். பிரகடனம் கொடுத்த உறுதிச்சீட்டை அச்செடுத்து லோயரிடம் கொடுங்கள்.

5. லோயரிடம் பெயரைச் சரிபாருங்கள்

விற்பவரின் லோயர் செலவு, சில்லறைக் கட்டணங்களும் வரியும் சேர்த்து, பெரும்பாலும் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் வரும். மொத்தத் தொகையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் பெயர் கடைசிப் பெயராக வரும். அதே பெயரில் இன்னும் பல பேர் இருப்பார்கள். வீட்டை மாற்றும்போது உங்கள் பெயரில் நீதிமன்றக் கடன் தீர்ப்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். இன்னொருவரின் கடன் உங்கள் பெயருக்கு நேரே வந்தால், அந்த ஆள் நானில்லை என்று சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். உறுதியில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் இன்னொரு எழுத்து என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். கணவரோ மனைவியோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நிற்கப் போகிறார் என்றால், அவர் பயணப்பட முன்னரே அற்றோர்ணித் தத்துவம் எழுதி வையுங்கள்.

6. இப்போது முழுக் கணக்கு

9 இலட்சத்துக்கு விற்கிறீர்கள். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்:

- கமிஷனும் வரியும்: 50,850
- மோட்கேஜ் பாக்கி: 400,000
- மூன்று மாத வட்டி அபராதம்: 5,000
- லோயர்: 2,000
- மோட்கேஜ் பதிவு நீக்கம்: 400
- துப்புரவு, சிறு திருத்தம், வீடு மாறும் செலவு: 5,000

கைக்கு வருவது 436,750 டொலர். கடனை விட்டுப் பார்த்தால், விற்பதற்கான செலவு மட்டும் 63,250. உங்கள் வங்கியும் லோயரும் எழுதித் தந்த எண்களை இதில் போட்டுப் பாருங்கள். வாங்குபவர் போட்ட டெபொசிட்டிலிருந்துதான் கமிஷனை எடுப்பார்கள். டெபொசிட் 45,000 என்றால் மிச்ச 5,850ஐ க்ளோசிங் காசிலிருந்து லோயர் அனுப்புவார்.

நில மாற்ற வரி வாங்குபவருடையது. ஆனால் அடுத்த வீடு வாங்கும்போது வாங்குபவர் நீங்கள்தானே. ரொறன்ரோ எல்லைக்குள் 9 இலட்சத்துக்கு வாங்கினால் மாகாணத்துக்கு 14,475, நகரசபைக்கு இன்னொரு 14,475. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம் பக்கம் போனால் மாகாண வரி மட்டும்தான்.

7. அடுத்த வருட வரிப் படிவத்தை மறக்க வேண்டாம்

நீங்கள் குடியிருந்த வீடு என்றால் விற்ற இலாபத்துக்குப் பொதுவாக வரி இல்லை. ஆனாலும் 2016 முதல், விற்றதை வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். பிந்தினால் மாதத்துக்கு 100 டொலர் வீதம் 8,000 வரை அபராதம் போடலாம். வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால், மரணம், விவாகரத்து போன்ற காரணங்கள் இல்லாவிட்டால், 2023இலிருந்து அந்த இலாபத்தை வியாபார வருமானமாகவே எடுப்பார்கள். பேஸ்மென்டைத் தனி வீடாக மாற்றிக் கட்டி வாடகைக்கு விட்டவர்களும், வாடகைக் கணக்கில் கட்டடத் தேய்மானம் கழித்தவர்களும், கனடாவை விட்டுப் போய் வெளிநாட்டில் குடியிருப்பவர்களும் விற்பனைப் பலகை நட முன்னரே கணக்காளரைப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வரித் திணைக்களத்தின் சான்றிதழ் எடுக்காவிட்டால், விலையில் ஒரு பங்கை வாங்குபவர் பிடித்து வைப்பார்.

லோயர் தரும் இறுதிக் கணக்குத் தாளையும், வீட்டை வாங்கியபோது கிடைத்த தாளையும், திருத்த வேலை பில்களையும் ஒரே கோவையில் போட்டுக் குறைந்தது ஆறு வருடம் வைத்திருங்கள். வரித் திணைக்களம் கேள்வி கேட்டால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்கள்தான்.