எத்தனை கிலோ வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 48. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கேனில் எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. வெயிட் தூக்கிப் பயிற்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். ஜிம்முக்குப் போக நேரமில்லை. ஒரு கடையில் ‘லேடீஸ் செட்’ என்று பிங்க் நிறத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ தம்பெல்ஸ் காட்டினார்கள். இன்னொரு கடையில் சீட்டும் கப்பியும் வைத்த பெரிய மெஷினை எடுக்கச் சொன்னார்கள். எதை வாங்கட்டும்? என் 13 வயது மகளும் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி. பிளேட் மாட்டிக் கழற்றுகிற தம்பெல் செட் ஒன்று, மொத்தம் 20 கிலோ வருகிற மாதிரி வாங்குங்கள்.

வீட்டுக்கு வரும் குடிதண்ணீர் கேனில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. வாசலிலிருந்து அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகிற உடம்புக்கு ஒரு கிலோ தம்பெல் என்ன வேலை கொடுத்துவிடும்? வழக்கமான சுமையைத் தாண்டினால்தான் தசையும் எலும்பும் பலப்படும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகக் கரையும் காலம் இது. உங்களைப் போல எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ‘லிஃப்ட்மோர்’ ஆய்வு 2018-ல் வெளியானது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், அதுவும் நல்ல கனமான எடை. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். அவர்களுடைய முதுகுத்தண்டின் அடர்த்தி கூடியிருந்தது.

பெண்களுக்கென்று தனிக் கருவி இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. பளுதூக்கும் போட்டியில் ஆண்களின் கம்பி 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களின் கம்பி 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். கைக்கு அடங்க வேண்டும் என்று கம்பியை மெலிதாக்கினார்களே தவிர, இவ்வளவுதான் ஏற்றலாம் என்று யாரும் வரம்பு கட்டவில்லை. பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலில் இடம்பெற்ற 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நம் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். அதனால் கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். ராடைச் சுற்றி விரல்களை மடக்கினால் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் வந்து உட்கார வேண்டும். அப்படி வராவிட்டால் தொடை களைப்பதற்கு முன்பே கை விட்டுப்போகும்.

அடுத்து, எடை எவ்வளவு சின்னச் சின்னப் படியாக ஏறுகிறது என்று பாருங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். இரண்டரை கிலோவிலிருந்து நேராக ஐந்துக்குத் தாவினால் சுமை இரட்டிப்பாகிறது. தோள் தாங்காது, பயிற்சியே நின்றுபோகும். ஒன்றரை கிலோ ராடு இரண்டு, அரை கிலோ பிளேட் நான்கு, ஒன்றேகால் கிலோ நான்கு, இரண்டரை கிலோ நான்கு என்று கேளுங்கள். சரியாக 20 கிலோ. ஒவ்வொரு கைக்கும் 2.5, 4, 5, 6.5, 7.5, 9, 10 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். அரை கிலோ பிளேட்டைச் செட்டோடு தரமாட்டார்கள். தனியாகக் கேட்டு வாங்குங்கள். காலுக்கு வலு அதிகம், 10 கிலோ சீக்கிரமே போதாமல் போகும். அப்போது இரண்டரை கிலோ பிளேட் இன்னும் நான்கு வாங்கினால் போதும். பழைய முதலீடு வீணாகாது.

பிளேட் இரும்பாகவோ ரப்பர் பூசியதாகவோ இருக்கட்டும். சிமென்ட் அடைத்த பிளாஸ்டிக் பிளேட் விலை குறைவு. ஆனால் பருமனாக இருக்கும், ராடில் இடம் போதாது, கீழே விழுந்தால் ஓரம் பிளந்து கொட்டும். ராடின் இரு முனையிலும் நட்டைக் கடைசி மரை வரைக்கும் நீங்களே திருகிப் பாருங்கள். நட்டுக்குள் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நாலு தடவை தூக்கியதும் நட்டு தானாகத் தளரும். தலைக்கு மேல் தூக்கும்போது பிளேட் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பெரிய மெஷினில் சீட்டே உங்கள் உடம்பைத் தாங்கிக்கொள்ளும். எலும்பு மெலிந்தவர் தடுமாறி விழாமல் இருக்கவும் பழக வேண்டும்; நின்றுகொண்டு எடையைத் தூக்கும்போது அந்தப் பழக்கமும் சேர்ந்தே வரும். இடுப்பைத் திருகுகிற வட்டத் தட்டு, வயிற்றுக்கென்று முன்னால் மடங்கிச் செய்கிற கருவி, இவற்றை யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மெலிந்த முதுகெலும்பு நொறுங்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே எலும்பு முறிவு ஏதும் இருந்தால் வாங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதமாவது ஒரு நல்ல பயிற்சியாளரிடம் குனிவதையும் உட்கார்ந்து எழுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். அந்தச் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மகள் தாராளமாகச் செய்யலாம். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது வெறும் பயம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. முதலில் வெறும் ராடு. பன்னிரண்டு முறை ஒழுங்காகத் தூக்க வந்ததும் அரை கிலோ பிளேட்டை மாட்டிக் கொடுங்கள். நட்டு இறுகியிருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.