உடையாத கிம்மியும் மாறிவரும் டி.வி.யும்

முன்னுரை

போன லீவுக்கு வந்த பெரியம்மா மகள் செல்போனில் ஒரு அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் காட்டினாங்க. பெயர் 'அன்பிரேக்கபிள் கிம்மி ஷ்மிட்'. உடைக்க முடியாத கிம்மி என்று சொல்லலாம். பெரியவங்களுக்கான இடங்களை அக்கா தள்ளிவிட்டுத்தான் காட்டினாங்க. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த கிம்மி?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு போலிச் சாமியார் கிம்மியைக் கடத்திவிடுகிறான். "உலகமே அழிஞ்சு போச்சு" என்று பொய் சொல்லி, இன்னும் மூன்று பெண்களோடு அவளைப் பூமிக்கடியில் 15 வருடம் பூட்டி வைக்கிறான். வெளியே வரும்போது அவளுக்கு வயது 29. ஆனாலும் அழுதுகொண்டே உட்காரவில்லை. நியூயார்க்கில் வீடு பிடிக்கிறாள், வேலை தேடுகிறாள், திரும்பப் படிக்கவும் போகிறாள். எந்தக் கஷ்டத்தையும் பத்து வினாடி தாங்கலாம், அது முடிந்தால் அடுத்த பத்து வினாடி, இதுதான் அவளோட வழி. கிம்மியாக நடித்தவர் எல்லி கெம்பர். உருவாக்கியவர்கள் டினா ஃபே, ராபர்ட் கார்லாக்.

டி.வி. எப்படி மாறியது?

இந்தத் தொடரை முதலில் என்.பி.சி. என்ற டி.வி. நிறுவனத்துக்காகத்தான் எடுத்தார்கள். ஆனால் 2014-இல் அது நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. 2015 மார்ச் 6-ஆம் தேதி 13 பகுதிகளும் ஒரே நாளில் வெளிவந்தன. அமெரிக்க டி.வி.யில் அரைமணி நேரத் தொடர் என்றால் கதை சுமார் 22 நிமிடம்தான், மீதி விளம்பரம். வாரம் ஒரு பகுதி வரும். நெட்ஃபிளிக்ஸில் நேரக் கணக்கும் இல்லை, வாரக் கணக்கும் இல்லை. 2020-இல் வந்த சிறப்புப் பகுதியில் கிம்மி அடுத்து என்ன செய்யணும் என்று பார்ப்பவர்களே பொத்தானைத் தொட்டுச் சொல்ல முடிந்தது! பழைய டி.வி.யில் இது முடியுமா?

நன்மையும் தீமையும்

நமக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம், இது நன்மை. ஆனால் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானா ஓட ஆரம்பிக்குது. ஒண்ணே ஒண்ணு என்று சொல்லிச் சொல்லி ராத்திரி ஒரு மணி வரை பார்த்துட்டு, மறுநாள் கணக்குப் பாடத்தில் தூங்கி வழிந்தேன். டீச்சர் மன்னிக்கவும். கிம்மி பத்து பத்து வினாடியாக வாழ்ந்தாள், நான் அதை மொத்தமாக முழுங்கிவிட்டேன். எதை எப்போ நிறுத்தணும் என்பதும் இப்போ நம்ம கையில்தான் இருக்கு.

முடிவுரை

கிம்மி திரும்பப் படிக்கப் போகும் இடத்தை அம்மாவும் என்கூட உட்கார்ந்து பார்த்தாங்க. அவங்களும் எட்டாம் வகுப்போட நின்னவங்க. பார்த்து முடிச்சதும், "இந்த வயசுல நான் பத்தாவது எழுத முடியுமாடி?" என்று மெதுவாக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. தனித்தேர்வராக எழுதலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு என்ன செய்யணும், யாரிடம் கேட்கணும் என்று ஆசிரியர்கள் யாராவது சொன்னால் அம்மாவிடம் சொல்லுவேன். கணக்கு நானே சொல்லிக்கொடுப்பேன், இனிமேல் தூங்காமல் கவனிக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி