சாக்கடையில் தெரியும் சளிக்காய்ச்சல்

கேள்வி: மூக்கில் குச்சி விடாமலே ஓர் ஊரில் கொரோனா, ஃப்ளூ பரவுவதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தொற்று கண்டவரின் மலத்தில் இந்த வைரஸ்களின் மரபணுத் துணுக்குகள் வெளியேறுவதுண்டு. இருமலே இல்லாதவரும் இதற்கு விலக்கல்ல. பாதாளச் சாக்கடை நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பிசிஆர் சோதனை செய்தால் ஊர் நிலவரம் பிடிபட்டுவிடும்.

2020 மார்ச்சில் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில், முதல் நோயாளிகள் பற்றிய அறிவிப்புக்கு 6 நாள் முன்பே கழிவுநீரில் கொரோனா தென்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் வியப்பு. ஒரு மாணவர் விடுதியின் கழிவுநீரில் வைரஸ் இருப்பது தெரிந்ததும், அங்கிருந்த 311 பேருக்கும் சோதனை நடந்தது. இருவருக்குத் தொற்று. இருவருக்குமே அறிகுறி எதுவும் இல்லை! உடனே அவர்களைத் தனிமைப்படுத்தினார்கள். பெரும் பரவல் ஒன்றை முளையிலேயே கிள்ள இதைவிட நல்ல வழி ஏது?

மழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துப்போகுமே? அதற்கு மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ் கைகொடுக்கிறது. உணவு வழியே மனித மலத்தில் ஏராளமாகச் சேரும் அதையும் அளந்து, கணக்கைச் சரிசெய்கிறார்கள்.

யாருக்கு நோய் என்பதை மட்டும் சாக்கடை சொல்லாது. காய்ச்சல் கண்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.