பழவேற்காட்டில் படகும் பண்ணையும்: வேலையாளைக் காத்தால் நட்டஈட்டுச் செலவும் குறையும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே தொழிலை நம்பியிருக்கும் குடும்பம் குறைவு. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் கொஞ்சம் நெல், ஏரியில் ஒரு படகு, வசதி இருந்தால் ஓர் இறால் குட்டை என்று வைத்திருப்பார்கள். வேலை மிகும் நாட்களில் இரண்டு மூன்று ஆட்களைக் கூலிக்கு அழைத்துக்கொள்வார்கள். இவர்கள் யாரும் தம்மை முதலாளி என்று நினைத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஆளுக்கு அடிபட்ட அன்று சட்டம் இவர்களை முதலாளி என்றுதான் அழைக்கிறது. ஆகவே விபத்தைத் தடுக்கும் வழிகளையும், மீறி நேர்ந்தால் வரும் பொறுப்பையும் உழவர்களும் மீனவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

முதலில் படகைப் பார்ப்போம். ஏரியின் பெரும்பகுதி ஆழமில்லாதது. பல இடங்களில் இடுப்பளவு நீர்தான். இந்த ஆழமின்மையே ஆபத்துக்குக் காரணமாகிறது. "நின்றால் தரை தட்டும், பயமென்ன" என்ற நினைப்பிலேயே முகத்துவாரம் வரை போய்விடுகிறார்கள். அங்கே கடல்நீரும் ஏரிநீரும் மோதும் இழுப்பு வேறு. மணல் திட்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்களில் 22 பேர் மாண்டனர். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியதும், மிதவைச் சட்டை இல்லாததும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. அவர்கள் வேலையாட்கள் அல்லர் என்பது உண்மை. ஆனால் வலைக்குப் போகும் படகிலும் இதே இரண்டு குறைகளை இன்றும் காணலாம்.

ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மிதவைச் சட்டை வாங்குங்கள். வாங்கிப் படகின் அடியில் சுருட்டி வைப்பதில் பயனில்லை. வெயிலில் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது என்று ஆட்கள் சொல்வது நியாயமே. ஆகவே குறைந்தபட்சம் முகத்துவாரத்தைத் தாண்டும்போதும், காற்று எழும்போதும், இரவிலும் கட்டாயம் அணிய வேண்டும் என்று சொல்லி, நீங்களும் அணியுங்கள். இறுக்கமான மூடியுள்ள காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டி வைத்தால், விழுந்தவனுக்கு உடனே எறியலாம். ஆனால் அது சட்டைக்கு மாற்று ஆகாது.

இயந்திரத்தின் சுழலும் தண்டில் லுங்கி, துண்டு, அவிழ்ந்த வலைக்கயிறு சிக்குவதுண்டு. எனவே தண்டுக்கு மூடி இருக்க வேண்டும். அவுட்போர்டு இயந்திரத்தில் ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் நிறுத்துக் கயிறு இருந்தால் அதை மாட்டிக்கொள்ளச் செய்யுங்கள். ஆள் நீரில் விழுந்தால் இயந்திரம் நின்றுவிடும், விசிறி அவனை வெட்டாது.

நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்துவதும் நம் கரையில் பழைய வழக்கம். இது தவறு. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பின் நடுவில் இரு கைகளாலும் அழுத்திவர வேண்டும். அதே சமயம் மற்றொருவர் 108க்குச் சொல்ல வேண்டும். ஊர் இளைஞர்கள் நாலு பேராவது இதைச் செய்து பழகியிருப்பது நல்லது.

கால் காயத்தைச் சாதாரணமாக நினைக்கிறோம். இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும், வலை நடுபவர்களும் சிப்பி ஓட்டில் கால் கிழிந்து, அதே காலோடு மறுநாளும் சேற்றில் இறங்குகிறார்கள். சீழ் வைத்தால் வாரக்கணக்கில் வேலை போகும். கெட்டியான அடியுள்ள கான்வாஸ் செருப்பு ஒரு ஜோடி, டெட்டனஸ் ஊசி ஒன்று, இவ்வளவுதான் செலவு. திருக்கை கொட்டாமலிருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடக்கச் சொல்லுங்கள். காலின் அசைவில் அது விலகிப் போய்விடும். கொட்டிவிட்டாலும், கெளிற்று முள் குத்தினாலும், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காயத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் வலி பெரிதும் தணியும். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாகத் தெரியாது. அடிபடாத மற்றக் காலை முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். மார்பு, வயிறு, கழுத்தில் முள் தைத்திருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இறால் குட்டையில் எமன் மின்சாரம்தான். (புதிதாகக் குட்டை வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் குட்டை கூடாது என்று 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.) காற்றூட்டும் சக்கரங்களுக்குக் கரை வழியே கம்பி ஓடுகிறது. உப்புக்காற்றில் இணைப்புகள் அரிக்கின்றன. டேப் சுற்றிய ஒட்டு ஒன்று நீரில் கிடந்தால் போதும். உப்புநீரில் நனைந்த உடம்பு மின்சாரத்துக்கு நல்ல வழி. ஆகவே கம்பியைக் கம்பம் நட்டு மேலே கொண்டுசெல்லுங்கள். நீரிலும் தரையிலும் ஒட்டு இருக்கக் கூடாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் எர்த் வேண்டும். 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவி பொருத்தி, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சக்கரத்தில் பாசியோ வலையோ சிக்கினால், மெயினை அணைத்து, அணைத்தவரே பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இரவில் தனியாளாக யாரையும் குட்டையில் இறக்க வேண்டாம். ஷாக் அடித்தவரை, மெயினை அணைக்காமல் தொட்டால் இரண்டாவது ஆளும் போவார்.

நெல் வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு மூடி, மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும், காற்றுக்கு எதிராகத் தெளிக்காமை ஆகியவை தெரிந்ததுதான், செய்வதில்தான் குறை.

இனி பணக் கணக்கு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. டிராக்டராலோ, இயந்திர சக்தியாலோ, மின்சாரத்தாலோ செய்யும் விவசாய வேலை, பூச்சிமருந்து தெளித்தல், இயந்திரக் கதிரடிப்பு, கிணறு வெட்டுதல் எல்லாம் அட்டவணையில் உள்ளன. வேலையின்போது ஆள் இறந்தால், மாதக் கூலியில் பாதியை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். மாதம் 12,000 ரூபாய் பெற்ற 40 வயது ஆளுக்கு அந்த எண் 184.17. ஆக, 6,000ஐ 184.17ஆல் பெருக்கினால் 11,05,020 ரூபாய். ஆள் இளையவரானால் எண் இன்னும் கூடும். ஒரு ஏக்கர் நிலமே போய்விடும் தொகை இது. ஒரு ஈ.எல்.சி.பி. விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து, "இனி கேட்க மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். மரண நட்டஈட்டை அரசு நியமித்த அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதிய தாளும் செல்லாது. விதவை பின்னர் மனுச் செய்தால் மீண்டும் முழுத்தொகையும் கட்ட நேரிடும். தாமதித்தால் வட்டியும், தொகையில் பாதி வரை அபராதமும் சேரலாம். "அவர் கூலி அல்ல, பங்காளி" என்று வாதாடித் தப்பலாம் என்று எண்ணுவோரும் உண்டு. அந்த வாதத்தை நம்பித் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் வேலையாள் நட்டஈட்டுப் பாலிசி கிடைக்கிறது. ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தக் கூலியையும் வேலையின் ஆபத்தையும் பொறுத்துப் பிரீமியம் அமையும். அதோடு, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட வங்கிக் கணக்குள்ள ஒவ்வோர் ஆளுக்கும் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் உண்டு. உங்கள் ஆட்களுக்கு அந்த 20 ரூபாயை நீங்களே கட்டிவிடலாம். ஆனால் அது அவர் குடும்பத்துக்குரிய தனிப் பணம். உங்கள் நட்டஈட்டுப் பொறுப்பை அது குறைக்காது. அதற்குப் பாலிசிதான் வேண்டும்.

பாலிசி எடுத்தவர்களும் கோரிக்கையில் இடறுவது ஒரு சிறு காரணத்தால்: ஆளின் பெயரும் கூலியும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வந்த ஆள், வயது, நாள், கொடுத்த கூலி, கையெழுத்து அல்லது கைரேகை. அடிபட்டால் நேரம், இடம், பார்த்தவர், போன மருத்துவமனை ஆகியவற்றை அன்றே எழுதிவிடுங்கள். நோட்டைக் குட்டைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். உப்புக்காற்றில் மை ஊறிப்போகிறது.