புதுக் காலணியும் பழகிய கால்களும்

நுழையும்முன்

மும்பை மாரத்தான் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. சனவரித் திங்களில் நடைபெறும் இவ்வோட்டத்தில் விளையாட்டு வீரர்களுடன் மாணவர், ஆசிரியர், அலுவலர், முதியோர் எனப் பலரும் கலந்துகொள்கின்றனர். பரிசு பெறுவது இவர்களுள் பெரும்பாலோரின் நோக்கமன்று. குறித்த தொலைவை நலமுடன் ஓடி முடிப்பதே நோக்கமாகும். அதற்காக ஒருவர் மேற்கொண்ட பயிற்சியையும், அதில் அவர் கற்றுக்கொண்டதையும் இப்பாடம் கூறுகிறது.

வாரப் பயிற்சி

மும்பை மாட்டுங்காவில் வாழும் வங்கி அலுவலரான பெண்மணி ஒருவர், தம் நாற்பதாம் வயதில் அரை மாரத்தான் ஓட விரும்பினார். மாரத்தான் என்பது 42.195 கி.மீ. தொலைவுடையது. அரை மாரத்தான் அதில் பாதி, ஏறத்தாழ 21.1 கி.மீ. ஈராண்டுகளாகக் காலையில் ஓடும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஆயினும், 8 கி.மீ. தொலைவுக்கு மேல் அவர் ஓடியதில்லை. எனவே, செப்டம்பர்த் திங்களிலேயே பயிற்சியைத் தொடங்கினார். அவர் வகுத்துக்கொண்ட வாரத் திட்டம் வருமாறு:

திங்கள் – ஓய்வு
செவ்வாய் – 5 கி.மீ. மெல்லோட்டம்
புதன் – கால், இடுப்புத் தசைகளுக்கான வலுப்பயிற்சி
வியாழன் – சிறிது தொலைவு விரைந்தும் சிறிது தொலைவு மெதுவாகவும் மாறி மாறி ஓடுதல்
வெள்ளி – ஓய்வு
சனி – 4 கி.மீ. மெல்லோட்டம்
ஞாயிறு – நெடுந்தொலைவு ஓட்டம்

வாரநாள்களில் அவர் தம் வீட்டுக்கு அருகிலுள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றி ஓடினார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மின்தொடர்வண்டியில் சர்ச்கேட் சென்று, அரபிக்கடலோரமாக வளைந்து செல்லும் மெரைன் டிரைவ் சாலையில் ஓடினார். முதல் ஞாயிறு 8 கி.மீ. ஓடினார். பின்னர் வாரம் ஒரு கி.மீ. கூட்டினார். ஒவ்வொரு நான்காம் வாரமும் தொலைவைக் குறைத்து உடலுக்கு இளைப்பாறுதல் தந்தார். நவம்பர் நடுவில் 16 கி.மீ. தொலைவைத் தளராமல் ஓடும் ஆற்றல் பெற்றார்.

மெல்லோட்டத்திற்கு அவர் ஓர் எளிய அளவுகோல் வைத்திருந்தார். ஓடிக்கொண்டே ஒரு முழுத்தொடரை மூச்சிரைக்காமல் பேச இயலவேண்டும். இயலாவிடில் வேகம் மிகுதி என்பது பொருள். ஓய்வு நாள்களையும் அவர் பயிற்சியின் பகுதியாகவே கருதினார். ஓடும்போது தசைகளும் எலும்புகளும் சிறிதளவு நலிவுறுகின்றன. ஓய்வின்போதே அவை தம்மைச் சீர்செய்துகொண்டு முன்னிலும் வலுப்பெறுகின்றன.

காலணியின் வேலை

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. அத்தாக்கத்தைத் தணிப்பது காலணியின் நடுவடுக்கில் உள்ள மென்நுரை. மேலுறை காலை இறுகப் பற்றுகிறது. ரப்பராலான அடித்தளம் வழுக்காமல் காக்கிறது. நாள்தோறும் நசுங்குவதால் மென்நுரை மெல்ல மெல்லத் தன் மீள்தன்மையை இழக்கிறது. ஆதலால் ஓட்டக் காலணியை ஏறத்தாழ 500 முதல் 800 கி.மீ. வரை பயன்படுத்திய பின் மாற்றுவது வழக்கம்.

ஓடிய தொலைவை நாட்குறிப்பில் எழுதிவந்த அப்பெண்மணி, தம் காலணி 700 கி.மீ. கடந்ததை அறிந்தார். குதிகாலின் வெளிப்புறம் தேய்ந்திருந்தது. நுரையில் சுருக்கங்கள் விழுந்திருந்தன. நவம்பர் இறுதியில் புதுக் காலணி வாங்கச் சென்றார். பகல் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலை வேளையைத் தேர்ந்தார். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து சென்றார். நீண்ட விரலுக்கும் காலணியின் நுனிக்கும் இடையே கட்டைவிரல் அளவு இடம் உள்ளதா, குதிகால் நழுவுகிறதா என்று பார்த்தார். விலையையோ நிறத்தையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை.

முந்திய மூச்சும் பிந்திய எலும்பும்

புதுக் காலணி கால்களுக்குச் சிறகு முளைத்தது போன்ற உணர்வைத் தந்தது. செவ்வாயன்று 5 கி.மீ. ஓடவேண்டியவர் 10 கி.மீ. விரைந்து ஓடினார். வெள்ளியின் ஓய்வைக் கைவிட்டார். ஞாயிறன்று 20 கி.மீ. ஓடினார். மூச்சு வாங்கவில்லை, களைப்பும் தோன்றவில்லை. பத்தே நாள்களில் வலக் கணைக்காலின் உட்புறத்தில் வலி எழுந்தது. படியிறங்கும்போதும் அது நீங்கவில்லை.

அவரைச் சோதித்த மருத்துவர், "குற்றம் காலணியுடையதன்று" என்றார். தொடர்பயிற்சியால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே திறன் பெற்றுவிடுகின்றன. எலும்புகளும் தசைநாண்களும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகின்றன. மூச்சு முந்தியது, எலும்பு பிந்தியது. புதுக் காலணியின் மென்மை அந்த இடைவெளியை மறைத்துவிட்டது. இரண்டு வாரங்கள் ஓடலாகாது என்று மருத்துவர் அறிவுறுத்தினார். வலியைப் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படலாம் என்றும் எச்சரித்தார்.

போட்டிக்கு ஆறு வாரங்களே இருந்தன. கட்டணம் செலுத்தியாயிற்று. இரண்டே கால் மணி நேரத்தில் ஓடி முடிப்பதாக உடன் பணிபுரிவோரிடம் அவர் கூறியும் இருந்தார். வலியை மறைத்து ஓடுவதா, சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வதா என்று இரண்டு நாள்கள் எண்ணினார். இறுதியில் மருத்துவர் சொற்படி நடந்தார். "நேரம் எவ்வளவு ஆனாலும் ஆகட்டும், நலமுடன் முடிப்பேன்" என்று பணியிடத்தில் வெளிப்படையாகவே கூறினார்.

ஓய்வுக்குப் பின் புதுக் காலணியுடன் 3 கி.மீ. மட்டும் ஓடினார். பின்னர்ப் படிப்படியாக 14 கி.மீ. வரை உயர்த்தினார். சனவரியில் அரை மாரத்தானை இரண்டு மணி 38 நிமிடங்களில் ஓடி முடித்தார். எண்ணியிருந்ததைவிட 23 நிமிடங்கள் மிகுதி. மறுநாள் வங்கியின் மாடிப்படிகளில் வலியின்றி ஏறினார். நல்ல கருவி உழைப்புக்குத் துணை நிற்கும். உடல் வளரவேண்டிய காலத்தைக் குறைக்க எக்கருவியாலும் இயலாது.

அறிந்துகொள்க

1. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா, 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலுடன் ஓடித் தங்கப்பதக்கம் வென்றார். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மீண்டும் வென்றார். இருமுறையும் ஓடியவை பயிற்சியால் பழகிய கால்களே.

2. காலணிக்குத் 'தொடுதோல்' என்னும் பழம்பெயர் உண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. 'தொடுதல்' என்பதற்கு இங்கு 'அணிதல்' என்பது பொருள்.

சொற்பொருள்

கணைக்கால் – முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார் போன்ற உறுப்பு
நலிவு – தளர்ச்சி
மீள்தன்மை – நசுங்கிய பின் பழைய வடிவுக்குத் திரும்பும் இயல்பு

பயிற்சி

அ. குறுவினாக்களுக்கு விடை எழுதுக.
1. மெல்லோட்டத்தின் வேகத்தை அப்பெண்மணி எவ்வாறு அளந்தார்?
2. காலணி வாங்க மாலை வேளை ஏற்றது ஏன்?
3. 'மூச்சு முந்தியது, எலும்பு பிந்தியது' – விளக்குக.

ஆ. பொருத்தமான சொல்லால் நிரப்புக. (வலி, வளி, வழி)
1. கடலோரத்தில் குளிர்ந்த ______ வீசியது.
2. பூங்காவுக்குச் செல்லும் ______ எது?
3. கணைக்காலில் ______ எழுந்தது.

இ. 'கால்' என்னும் சொல் உறுப்பையும் நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும். இவ்விரு பொருளிலும் அச்சொல் வந்துள்ள தொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.
முன்பு கூறிய சொல்லை மாற்றிக்கொண்டது அப்பெண்மணியின் தோல்வியா? உம் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

உ. செய்து பார்க்க.
உம் காலணியின் அடிப்பகுதியை உற்றுநோக்குக. எப்பக்கம் மிகுதியாகத் தேய்ந்துள்ளது? அதனைப் படமாக வரைந்து, உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் குறிக்க. வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்கள் ஊரில் காலணிக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பட்டியலிடுக.