நாளங்காடியும் அல்லங்காடியும்: திருப்பெரும்புதூர் நகர்மையச் சீரமைப்பு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

நகரமைப்பு என்பது பொறியாளர்க்கும் அதிகாரிகட்கும் மட்டுமே உரிய துறை என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. தமிழ் பயில்வோர்க்கு அதில் என்ன பங்கு என வினவுவாரும் உளர். புகாரையும் மதுரையையும் தெருத்தெருவாகக் காட்டும் நூல்களை வகுப்பறையில் கற்பிக்கின்ற நாம், நம் கண்முன் வளர்ந்துவரும் ஒரு நகரை அந்நூல்களின் துணைகொண்டு நோக்குதல் பொருத்தமே. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சேர்ந்த தொழிற்பகுதியை இக்கட்டுரைக்குக் களமாகக் கொள்கிறோம்.

புகாரின் இரு பாக்கம்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பிரிவாகக் காட்டப்படுகிறது. கைவினைஞரும் பலபொருள் விற்போரும் கடல்கடந்து வந்த யவனரும் வாழ்ந்தது மருவூர்ப்பாக்கம். அரச வீதியும் பெருங்குடி வணிகர் மாடங்களும் அமைந்தது பட்டினப்பாக்கம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தை இளங்கோவடிகள் இரு பெருவேந்தர் பொருதும் களத்திற்கு ஒப்பிடுகிறார். அந்நிலத்தில்தான், செறிந்த மரங்களின் அடிகளையே கால்களாகக் கொண்டு நாளங்காடி நடைபெற்றது.

இவ்வுவமை ஊன்றி நோக்கத்தக்கது. இருவேறு வாழ்க்கை முறைகள் சந்திக்கும் இடம் போர்க்களமாகவும் கூடும், அங்காடியாகவும் கூடும். அதனை அங்காடியாக்கியது புகார். ஒரு நகர்மையத்தின் பயன் இதுவே என நாம் கருதுகிறோம்.

இன்றைய இரு பாக்கம்

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் மாடவீதிகளையும் உடைய பழம்பதி. இதனை இன்றைய பட்டினப்பாக்கம் எனலாம்.

1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம், பிற்காலத்தில் இவ்வூரைச் சூழ்ந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் முதலிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் ஆலை திறந்தன. கொரியரும் ஜப்பானியரும் வடபுலத்துத் தொழிலாளரும் தென்மாவட்டப் பெண்களும் வந்து சேர்ந்த இப்பகுதியே இன்றைய மருவூர்ப்பாக்கம்.

இரு பாக்கமும் உள்ளன. இடையே நாளங்காடி இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–திருப்பெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அங்கே கண்டெய்னர் லாரிகளுக்கு அகன்ற வழி உண்டு; நடந்து செல்வோர்க்கு நிழலில்லை. இளங்கோவடிகள் கூறிய களம் இங்குக் களமாகவே நின்றுவிட்டது.

பொதுவிடம் இன்மையின் விளைவு

2021 டிசம்பரில் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், தாம் தங்கியிருந்த விடுதியின் உணவால் உடல்நலம் குன்றினர். உடன் பணிபுரிவோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அச்செய்தி உலகெங்கும் பரவியது. விடுதியிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து ஆலை, மீண்டும் விடுதி என்று வாழ்வோர்க்கு ஊருக்குள் தமக்கெனக் கூடும் இடமோ, குறை சொல்லும் இடமோ இல்லையெனில், நெடுஞ்சாலையே மன்றமாகிவிடுகிறது.

அதன்பின் நன்முயற்சிகள் நிகழாமல் இல்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. இது பாராட்டுக்குரியது. எனினும் உறங்கும் இடம் வேறு, ஊர் வேறு. பணி முடிந்து வரும் ஒரு பெண் அச்சமின்றி நடந்துசென்று பூ வாங்கவும், நூல் படிக்கவும், மருந்து பெறவும் இயலுமாயின் அவளுக்கு அது ஊர். இயலாதவரை அது தங்குமிடமே.

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டமை மற்றொரு பாடம். ஓர் ஆலையின் ஊதியத்தை மட்டும் நம்பிய வாடகை வீடும் கடையும் அவ்வாலையுடனேயே தளர்ந்துபோகும். பலரும் கூடும் நகர்மையமோ ஆலைகள் வந்தாலும் போனாலும் நிலைத்திருக்கும்.

அல்லங்காடியின் தேவை

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் நிகழும் நாளங்காடியையும் மாலையில் தொடங்கும் அல்லங்காடியையும் காட்டுகிறது. இரவிலும் உயிர்ப்புடன் இருந்தது மதுரை. 'ஷிப்டு' முறையில் ஆலைகள் இரவும் பகலும் இயங்கும் இப்பகுதிக்கு இதனினும் பொருத்தமான முன்மாதிரி வேறில்லை. நள்ளிரவில் பணி முடிப்போர்க்குக் கடையடைத்த தெருவே காட்சியளிக்குமாயின், அவ்வூர் அவர்களை எண்ணி அமைக்கப்பட்டதன்று.

செய்யத்தக்கவை

முதலாவது, கணக்கெடுப்பு. எத்தனை வண்டிகள் செல்கின்றன என்று எண்ணுகிறோம். எத்தனை பேர் நடக்கின்றனர், எந்நேரத்தில் நடக்கின்றனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பணிமுறை மாறும் வேளையின் கணக்கே திட்டத்தின் அடித்தளம் ஆகும்.

இரண்டாவது, பேருந்து நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் நிழல்மரம், விளக்கு, கழிப்பறை, அகன்ற நடைபாதை ஆகியவற்றுடன் கூடிய அங்காடித் தெரு. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், வண்டிக்குரிய இடத்தைக் குறைத்து நடப்போர்க்கு அளித்தலும் இயலும் என்பதற்குச் சான்று.

மூன்றாவது, தெருவோர வணிகர் பாதுகாப்பு. அழகுபடுத்துதல் என்ற பெயரில் முதலில் அகற்றப்படுவோர் இவர்களே. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டப்படி, கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றலாகாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வணிகர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டும்.

நான்காவது, கோயில் குளமும் மாடவீதிகளும் தம் அளவும் அமைதியும் கெடாமல் காக்கப்படுதல். நகர்மையத்தைப் புதுப்பித்தல் என்பது பழமையை இடிப்பதன்று. பழமைக்கும் புதுமைக்கும் இடையே வழி சமைத்தலாகும்.

முடிவுரை

2022இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டபோது திருப்பெரும்புதூரும் அதனுள் அடங்கியது. எனவே திட்டம் வரைவதற்கு இதுவே உரிய காலம். வரைபடத்தில் ஆலைக்கு ஒரு நிறமும் வீட்டுக்கு ஒரு நிறமும் தீட்டப்படும். இரண்டிற்கும் நடுவே அங்காடிக்கென ஓரிடம் ஒதுக்கப்படுகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

மாணவச் செல்வங்கள் புகாரின் வருணனையைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு அமையாது, தத்தம் ஊரின் கடைத்தெருவில் ஒருநாள் மாலை நின்று, யார் வருகிறார், யார் வர இயலாமல் இருக்கிறார் என்று குறித்துவருவாராக. அக்குறிப்பேடு தமிழ்த்துறையிலிருந்து நகரமைப்புக்குச் செல்லும் நல்லதொரு கொடையாகும்.